ஞாயித்துக்கிழமை சபைக் கூடுகை – அஞ்சுக்கு நாலு ஸ்டார்

கண்ட ஓட்டலுக்கும் ஏசி சர்வீஸுக்கும் ராத்திரி உக்காந்து ரிவ்யூ எழுதறீங்களே, எங்கூர்ச் சபைக்கு ஒண்ணு எழுதுங்களேன்னு ஊட்டுல கிண்டலாத்தான் கேட்டாங்க. சரி, சர்வீஸ்னா சர்வீஸ்தானே, எழுதிட்டாப் போச்சுன்னு ஆரம்பிச்சேன். மொதல்லயே சொல்லிர்றேன், நான் அந்தச் சபைக்காரன் இல்ல. திருப்பூர்ல சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை. கொழந்தையில தண்ணி தெளிச்சு ஞானஸ்நானம், பதினாறு வயசுல பிஷப் தலையில கைய வச்சுத் திடப்படுத்தல், கிறிஸ்துமஸ்னா ஸ்டார் கட்டி கேரல் ரவுண்ட்ஸ் போறதுன்னு வளந்தவன். பொண்ணெடுத்தது மட்டும் சென்னிமலைப் பக்கம், பிரதரன்ங்கற கிறிஸ்தவச் சபைக்காரங்க குடும்பத்துல. கல்யாணமாகி பதினோரு வருசத்துல ஒரு முப்பது நாப்பது ஞாயித்துக்கிழமை அந்தச் சபையோட பின் பெஞ்சுல உக்காந்திருக்கேன், அந்த அனுபவத்துல எழுதறது. ஊர்ப் பேரு போடல. மாமனார் கோவிச்சுக்குவாரு, சபைக்கு வெளம்பரம் பண்றதெல்லாம் அவுங்களுக்கு ஆகாது.

லொக்கேஷன் சொல்றேன். திருப்பூர்ல இருந்து ஊத்துக்குளி வழியா வந்தா சென்னிமலை ரோடு, மலை கண்ணுக்குத் தெரியற தூரத்துலயே ஒரு கிளை ரோடு பிரியும், ரெண்டு பக்கமும் தறிக்குடோனும் தென்னந்தோப்பும். சபைக் கட்டிடம்னு தேடுனீங்கன்னா கண்டுபிடிக்க மாட்டீங்க, ஏன்னா கோபுரம் இல்ல, மணி இல்ல, சிலுவை கூட இல்ல. ஓடு போட்ட நீள ஊடு மாதிரி ஒண்ணு, முன்னாடி வேப்பமரம், செவுத்துல பெயிண்ட்ல ஒரு வசனம், அப்பம் பிட்குதல் (இயேசுவ நெனச்சு அப்பமும் ரசமும் பகுந்துக்கற ஆராதனை) காலை 9.30-ன்னு நேரம், அவ்வளவுதான். மொத தடவ நானே தாண்டிப் போயி ஒரு நூல் குடோன் வாசல்ல வண்டிய நிறுத்தி எறங்கிட்டேன். பார்க்கிங் பிரச்சன இல்ல, மரத்தடியில எங்க வேணா போட்டுக்கலாம்.

உள்ள போனா இன்னும் அதிர்ச்சியா இருக்கும். பலிபீடம் கெடையாது, பிரசங்க மேடைன்னு ஒசரமா ஒண்ணும் கெடையாது. நடுவுல ஒரு சின்ன மர மேஜை, மேல சென்னிமலைத் தறியில நெஞ்ச வெள்ளத் துணி, அதுக்கடியில ஒரு தட்டுல ஒத்தச் சப்பாத்தி, ஒரு ஸ்டீல் கப்பு நெறைய திராட்ச ரசம். மேஜையச் சுத்தி நாலு பக்கமும் பெஞ்சு. ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கம் முக்காடு போட்டு. அங்கி போட்ட பாதிரி ஐயர யாரையும் காணோமேன்னு நான் வாசலப் பாத்துட்டே இருந்தேன், இன்னிக்கி லேட்டாட்டம் இருக்குதுன்னு. 9.30-க்குக் கதவச் சாத்துனாங்க, ஃபேன நிறுத்துனாங்க, எல்லாரும் தலையக் குனிஞ்சாங்க. அவ்வளவுதான், அதுக்கப்புறம் ஒண்ணுமே நடக்கல. நெசமாவே ஒண்ணும் நடக்கல. பக்கத்துக் குடோன் தறியெல்லாம் மத்த நாள்ல டக்கடக்கனு காதப் பொளக்கும், அன்னிக்கு அதுவும் ஓடல, எங்கியோ ஒரு வெள்ளாடு கத்துது, யாரோ ஒரு பொடுசு கொலுசாட்டுது, நான் வாட்சப் பாத்தா ஏழு நிமிசம் ஓடிருக்குது. கரண்டு போனதுனால மைக் இல்லாம காத்திருக்காங்கன்னு கூட நெனச்சேன் போங்க.

ஏழாவது நிமிசம் மூணாவது வரிசையில ஒரு அண்ணன், மில்லுல வேலை பாக்கறவராம், எந்திரிச்சு ஒரு பாட்டு நம்பரச் சொல்லிட்டு உக்காந்தாரு. ஆர்மோனியம், கீபோர்டு எதுவும் இல்ல. அவரே சுதி புடிச்சாரு, கொஞ்சம் ஒசரமாப் புடிச்சுட்டாரு, மூணாவது அடியில சபை முழுக்கத் தொண்டை மாட்டிக்கிச்சு, யாரும் சிரிக்கல, எறக்கிப் பாடி முடிச்சாங்க. அப்புறம் மறுபடி அமைதி. அப்புறம் இன்னொருத்தர் எந்திரிச்சு ஜெபம். அப்புறம் ஒரு பையன், பாலிடெக்னிக் படிக்கறவன், ஏசாயாவுல இருந்து நாலு வசனம் வாசிச்சான். இன்னாரு இதப் பண்ணணும்னு யாரும் முன்னாடியே பேசி வைக்கலைங்கறது தான் இதுல விசயம். ஞானஸ்நானம் வாங்குன எந்த ஆம்பளையும் எந்திரிக்கலாம், யாருமே எந்திரிக்காமயும் இருக்கலாம். சம்பளத்துக்கு ஒரு ஆள வச்சு நமக்குப் பதிலா ஆராதனை பண்ணச் சொல்ற சோலியே இல்ல. மூப்பர்கள்னு சபைய நடத்தற பெரியவங்க மூணு பேரு இருக்காங்க, மாமனார் ஒருத்தரு, மத்தவங்கள மாதிரியே தறி, மளிகைக் கடை, தோட்டம்னு பொழப்பு. கஸ்டமராப் போயி உக்காந்து வாங்கிட்டு வர்ற பழக்கத்துல இருக்கற என்ன மாதிரி ஆளுக்கு மொத ரெண்டு மூணு தடவ கை கால் வைக்க எடமில்லாத மாதிரி இருந்துச்சு. இப்ப கேட்டீங்கன்னா அந்த ஏழு நிமிசத்துக்காகவே ரெண்டு ஸ்டார் குடுப்பேன்.

இந்த யோசனை எங்கிருந்து வந்துச்சுன்னு மாமனாரக் கேட்டா, அப்போஸ்தலர் 2-ம் அதிகாரம் 42-ம் வசனம், அதுக்கு மேல சரித்திரம் எதுக்குங்க மாப்ளன்னு முடிச்சுருவாரு. எனக்கு விடல, தேடிப் படிச்சேன். 1820-கள் கடைசியில அயர்லாந்து டப்ளின்ல கொஞ்சப் பேரு, இந்தச் சபைக்காரன் அந்தச் சபைக்காரனோட அப்பம், ரசப் பந்தியில உக்காரக் கூடாதுங்கற கதையெல்லாம் சலிச்சுப் போயி, ஊட்டுல கூடி அப்பம் பிட்க ஆரம்பிச்சிருக்காங்க. அதுல முக்கியமானவரு ஆன்டனி நாரிஸ் குரோவ்ஸ், இங்கிலாந்து எக்ஸிடர்ல பல்லு டாக்டரு, நல்ல வருமானம். அப்பம் பிட்கறதுக்குப் பட்டம் வாங்குன குருவானவர் வேணும்னு வேதத்துல எங்க இருக்குதுன்னு கேட்டவரு அவரு தான். இன்னொருத்தர் ஜான் நெல்சன் டார்பி, அயர்லாந்து திருச்சபைல குருவா இருந்து அத விட்டு வந்தவரு. 1831 வாக்குல இங்கிலாந்துல ப்ளைமவுத் ஊர்ல ஒரு பெரிய கூடுகை அமைஞ்சதால வெளியாளுங்க ப்ளைமவுத் பிரதரன்னு பேர ஒட்டிட்டாங்க. அவுங்களா வச்ச பேரு இல்ல அது. இன்னிக்கும் மாமனாருகிட்ட நீங்க பிரதரனான்னு கேட்டா, நாங்க விசுவாசிகள், கர்த்தருடைய நாமத்துல கூடறவங்கன்னு தான் பதில் வரும். ஓட்டர் ஐடி மாதிரி ஒரு பேரச் சொல்லுங்க மாமான்னா சிரிச்சுக்குவாரு.

இடையில ஒரு எச்சரிக்கை, நெட்ல தேடறவங்களுக்கு. பிரதரன்னு அடிச்சா அமெரிக்காவுல இருக்கற வேற ஒரு கூட்டமும் சேர்ந்து வந்து மண்டைய கொழப்பும். அது 1708-ல ஜெர்மனியில ஷ்வார்செனாவ்ங்கற ஊர்ல ஈடர் ஆத்துல எட்டுப் பேரு ஞானஸ்நானம் எடுத்து ஆரம்பிச்சது, அலெக்சாண்டர் மாக்னு ஒரு மில்லுக்காரர் தலைமை. பின்னாடி பென்சில்வேனியா போயி வெவசாயிகளாக் குடியேறிட்டாங்க. முன்பக்கமாக் குனிய வச்சு மூணு தடவ முக்குவாங்க, ஒருத்தர் காலை ஒருத்தர் கழுவி, சேர்ந்து சாப்புட்டு, அப்புறம் தான் அப்பமும் ரசமும், யுத்தத்துக்குப் போகக் கூடாதுங்கறது கொள்கை. குஜராத்துல அவுங்க மிஷன் இருந்துச்சு, 1970-ல வட இந்தியத் திருச்சபையோட சேந்துருச்சு. பேரு தான் ஒண்ணு, சென்னிமலைக்காரங்களுக்கும் அவுங்களுக்கும் பங்காளி ஒறவும் இல்ல மாமன் மச்சான் ஒறவும் இல்ல. இது தெரியாம நான் ஒருக்கா மாமனாருகிட்ட உங்க சபையில காலு கழுவ மாட்டீங்களான்னு கேட்டு முழி முழின்னு முழிச்சேன்.

நம்ம தமிழ்நாட்டுக்கு இது வந்த கதை தான் எனக்குப் புடிச்சது. அந்தப் பல்லு டாக்டர் குரோவ்ஸ் 1829-ல குடும்பத்தோட பாக்தாத் போறாரு, அங்க 1831-ல பிளேக், வெள்ளம்னு வந்து பொண்டாட்டியப் பறிகுடுக்கறாரு, 1833-ல இந்தியா வர்றாரு. இங்க அவரோட ஊர் ஊராச் சுத்துனவரு ஜான் கிறிஸ்தியான் அருளப்பன், 1810-ல பொறந்த திருநெல்வேலிச் சீமைக்காரர், பாளையங்கோட்டை மிஷனரி ரேனியஸ் ஐயருகிட்டப் படிச்சவரு. மிஷன் சம்பளம் வேண்டாம்னு சொல்லி 1840 வாக்குல வத்திராயிருப்புப் பக்கத்துல கிறிஸ்தியான்பேட்டைன்னு ஒரு ஊரையே உண்டாக்கி, வெவசாயமும் ஊழியமுமா இருந்தாரு. வெள்ளக்காரன் காசு இல்லாம தமிழனே நடத்தலாம்னு அந்தக் காலத்துலயே காட்டுனவரு. எங்க கோயமுத்தூர்ப் பக்கம் 1830-லயே லண்டன் மிஷன் அடிஸ் ஐயர் வந்துட்டாரு, பெரிய பங்களா, பள்ளிக்கூடம்னு அது வேற ரூட்டு. 1947 செப்டம்பர் 27-ல அந்த மிஷன் சபையெல்லாம் சி.எஸ்.ஐ-ல சேந்துச்சு. பிரதரன் ஏன் சேரலைன்னு கேட்டேன். சேந்தோம்னு கையெழுத்துப் போடறதுக்கு எங்களுக்குத் தலைமை ஆபீஸே இல்லைங்களே மாப்ளன்னாரு. சரிதான், ஒவ்வொரு ஊர்ச் சபையும் தனித் தனி, மேல பிஷப் கெடையாது, சினாடு கெடையாது. ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊர் சபைக்குப் போனா இன்னாரு எங்க ஐக்கியத்துல இருக்கறவருன்னு மூப்பர்கள் எழுதுன சிபாரிசுக் கடுதாசி கொண்டு போகணும், அத எல்லாருக்கும் முன்னாடி வாசிச்ச பொறகு தான் பந்தி. பொள்ளாச்சியில இருந்து வந்த சித்தப்பா கடுதாசிய மறந்துட்டு வந்து, போன் போட்டு விசாரிச்சது எல்லாம் நடந்திருக்குது.

இந்த ஊர்ல எப்படி ஆரம்பிச்சதுங்கறத மாமனார் ஒரு நாள் ராத்திரி திண்ணையில உக்காந்து சொன்னாரு. எழுதி வச்ச ரெக்கார்டு எதுவும் கெடையாது, வாய்ச் சொல்லுதான். அவரோட அப்பாரு காலனிக்காரரு, பாலக்காட்டுப் பக்கம் கூலிக்குப் போன எடத்துல சந்தையில ஒரு மலையாளத்துக்காரர் நின்னு பிரசங்கம் பண்ணதக் கேட்டுட்டு, கையில ஒரு யோவான் சுவிசேசத்தோட திரும்பி வந்தாராம். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஊருக்குள்ள நெசவுக்காரத் தெருவுல ஒரு பெரியவர் நல்லாப் படிப்பாரு, அவர்கிட்டப் போயி வாசல்ல நின்னு, இத வாசிச்சுக் காட்டுங்க சாமின்னு கேட்டிருக்காரு. அவரு திண்ணையில உக்காந்து வாசிக்க இவரு கீழ வாசல்ல குந்திக் கேக்க, இப்படியே ஒரு வருசம். கடைசியில ரெண்டு பேருக்கும் ஞானஸ்நானம் குடுக்க வெளியூர்ல இருந்து ஊழியக்காரர் ஒருத்தர் வந்தாரு. அடுத்த ஞாயித்துக்கிழமை தான் பிரச்சன. பந்தின்னா ஒரே அப்பம் ஒரே பாத்திரம். காலனிக்காரரு மொதல்ல குடிச்சுட்டு கப்ப நீட்டறாரு, நெசவுக்காரப் பெரியவர் வாங்கிக் குடிக்கணும்.

கொங்கு நாட்டுல டீக்கடைல ரெட்டை டம்ளர் இருந்த கதை தெரியாதவங்க யாரும் இதப் படிக்கலைன்னு நெனைக்கறேன். மாமனாரே சின்ன வயசுல கொட்டாங்குச்சியில டீ வாங்கிக் குடிச்சுருக்காரு, கடைக்காரன் ஒசரத்துல இருந்து ஊத்துவானாம். அந்த ஊர்ல, அந்தக் காலத்துல, அந்தப் பெரியவர் கப்ப வாங்கிக் குடிச்சாரு. கை நடுங்குச்சுன்னு அப்பாரு சொல்லுவாராம், ரசம் வேட்டியில சிந்துச்சாம். அடுத்த வாரமே பாவு நூல் குடுக்கற மொதலாளி நிறுத்திட்டாரு, சொந்தக்காரங்க எழவுக்குக் கூடச் சொல்லி உடல, அவரு பொண்ணுக்கு மாப்பிள்ளை கெடைக்கறதுக்குப் பட்ட பாடு தனிக் கதை. ஆனாலும் சாகற வரைக்கும் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அந்தக் கப்புல வாய வச்சாரு. குரோவ்ஸ் இந்தியாவுக்கு வந்த அதே 1833-ல கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள்ள சாதி கூடாது, ஒடனே விட்றணும்னு கடுதாசி எழுதி, தஞ்சாவூர், வேப்பேரின்னு எத்தனையோ பேரு கோவிச்சுட்டுப் போனதெல்லாம் படிச்சிருக்கேன். கடுதாசி போட்டு நடக்காதது இந்தக் குக்கிராமத்துல ஒரு ஸ்டீல் கப்பால நடந்திருக்குது. அன்னிக்கி ஸ்டீல் இல்ல, பித்தளையாம்.

சரி, இவ்வளவு சொன்னவன் ஒரு ஸ்டாரு ஏன் குறைச்சேன்? அந்தக் கப்பு எனக்கு வராது. மொத தடவ சப்பாத்தியப் பிட்டு ஒருத்தர் கையில இருந்து ஒருத்தர் கைக்கு வருது, கப்பு வருது, எனக்கு முந்தின வரிசை வரைக்கும் வந்துச்சு, நானும் கைய நீட்டத் தயாரா இருக்கேன், முன் பெஞ்சுக்காரர் வாங்கிக் குடிச்சுட்டு அப்படியே பக்கவாட்டுல திருப்பிக் கொண்டு போயி மேஜையில வச்சுட்டாரு. பின் பெஞ்சு ஞானஸ்நானம் எடுக்காதவங்களுக்கு. நான் எடுத்தவன் தானேன்னா, கொழந்தையில தெளிச்சது கணக்குல வராது, சுயமா விசுவாசிச்சு, முழுசாத் தண்ணிக்குள்ள முங்கி எந்திரிக்கணும். பிஷப் கை வச்சதும் கணக்குல வராது. எம் பக்கத்துல பெஞ்சுல யாரு இருந்தான்னா ஒரு ஒம்போது வயசுப் பையனும், கூட வந்த ஒரு டிரைவரும். அந்த ஊரு சாதியத் தாண்டுன கப்பு, வேதம் வாசிச்சு ஜெபம் பண்ணி வளந்த என்னத் தாண்டிப் போயிருச்சே, அது எனக்கு இன்னமும் ஒரு மாதிரி தான் இருக்குது. மாமனாருக்கும் சங்கடந்தான், அன்னிக்கு மத்தியானம் கோழிக்கொழம்புல ரெண்டு துண்டு சேத்து வச்சாரு. இதுல இன்னொண்ணு, என்னக் கட்டுனதுக்காக எம் பொண்டாட்டியையும் ஆறு மாசம் பின் பெஞ்சுல உக்கார வச்சாங்க. அத அவ சொல்லும்போது சிரிச்சுட்டே தான் சொல்லுவா.

காசு விசயம் சொல்லணும், ரிவ்யூன்னா ரேட்டு போடாம இருக்கக் கூடாதே. ரேட்டு: ஒண்ணுமில்ல. காணிக்கைப் பை நம்ம பக்கம் வந்தப்ப நான் நூறு ரூபா எடுத்தேன், பக்கத்து அண்ணன் மெதுவா என் கையப் புடிச்சு, வேண்டாங்க, இது எங்களுக்குள்ளன்னாரு. வெளியாளுங்ககிட்டக் காணிக்கை வாங்கறதில்ல, 3 யோவான் 7-ம் வசனம். இத்தன வருசத்துல ஒரு மதக் கூட்டத்துல எங்கிட்டக் காசு வேண்டாம்னு சொன்னது இங்க மட்டுந்தான். ஊழியக்காரங்களுக்கும் மாசச் சம்பளம் கெடையாது, வர்றத வச்சு ஓட்டணும். பிரிஸ்டல்ல ஜார்ஜ் முல்லர்னு இவுங்கள்ல ஒருத்தர் பத்தாயிரம் அனாதைப் புள்ளைகளுக்கு மேல வளத்தவரு, யாருகிட்டயும் போயி காசு குடுங்கன்னு வாய் தொறந்து கேக்காமலே நடத்துனவரு, அவரு கதைய சண்டே ஸ்கூல் புள்ளைக ஒப்பிக்குது. அந்த முல்லரு குரோவ்ஸோட மச்சான்ங்கறது எனக்குப் பின்னாடி தான் தெரிஞ்சது, குரோவ்ஸ் தங்கச்சியக் கட்டுனவரு.

பந்தி முடிஞ்சு பத்து நிமிசம் டீ, பன்னு. அப்புறம் 11 மணிக்கு மேல பிரசங்கம். இதுல லக்கு தான், யாரு பேசறாங்கன்னு பொறுத்தது. ஒரு தம்பி ஒருக்கா ஒண்ணேகால் மணி நேரம் வம்ச வரலாறு எடுத்தாப்புல, பாதிச் சபை தூங்கிருச்சு, நானுந்தான். ஆனா கெழவர் ஒருத்தர் இருக்காரு, எழுபத்தஞ்சு வயசுக்கு மேல, அம்பது வருசம் குழித்தறியில பெட்ஷீட் நெஞ்சவரு. அவரு ஆசரிப்புக் கூடாரத்தப் பத்தி, அதான் மோசே காலத்துல வனாந்தரத்துல போட்ட வழிபாட்டுக் கூடாரம், எடுத்தாருன்னா நான் நோட்டு எடுப்பேன். பிரதரன்காரங்களுக்கு ஆசரிப்புக் கூடாரம்னா உசுரு, ஒவ்வொரு பலகை, ஒவ்வொரு கொக்கிக்கும் கிறிஸ்துவக் காட்ற அர்த்தம் சொல்லுவாங்க. இவரு யாத்திராகமம் 26 எடுத்து, பத்து மூடுதிரை, ஒவ்வொண்ணும் 28 முழ நீளம், நாலு முழ அகலம், கணக்குப் போடுங்க சகோதரரேன்னாரு. 42 அடி நீளம், ஆறடி அகலம். வனாந்தரத்துல, மணக்காட்டுல, ஆறடி அகலத்துக்குத் தறி போட்டது யாரு, நாடா எந்தக் கைல இருந்து எந்தக் கைக்குப் போச்சு, ரெண்டு பேரு எதிரும் புதிருமா உக்காந்து தான் வீசியிருக்கணும்னு சொல்லிட்டு, திரித்த மெல்லிய பஞ்சுநூல்னா என்னன்னு எங்களுக்குத் தான் தெரியும், திரிக்காத ஒத்த இழை தறியேறுனா அறுந்துரும், முறுக்கு ஏறுனாத்தான் தாங்கும், நமக்கு வர்ற கஷ்டம் தான் முறுக்குன்னாரு. பாவுல கை வச்சு அறுந்த இழைய முடிச்சுப் போடற மாதிரியே ரெண்டு வெரலையும் உருட்டிக் காட்டுனாரு. சபையில பாதிப் பேரு தறிக்காரங்க, அத்தன பேரு தலையும் ஆடுச்சு.

மேஜைக்குப் பின்னாடிச் செவுத்துல ஒரு பெரிய படம் தொங்கும், பழைய போர்வைத் துணியில பெயிண்ட் அடிச்சது. எடது கோடியில படைப்பு, வலது கோடியில புதிய வானம் புதிய பூமி, நடுவால ஏழு காலங்களா உலகத்தப் பிரிச்சு வளையம் வளையமாப் போட்டிருக்கும், தானியேல் தீர்க்கதரிசி சொன்ன எழுபது வாரத்துல அறுவத்தொம்போது முடிஞ்சு, எழுபதாவதுக்கு முன்னாடி ஒரு பெரிய இடைவெளி, அதுல தான் நாம இருக்கமாம். எந்த நிமிசமும் சபை, அதாவது விசுவாசிங்க எல்லாம், வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படும், அப்புறம் ஏழு வருசம் உபத்திரவம், அப்புறம் ஆயிர வருச அரசாட்சி. இந்த வரைபடம் கொண்டு வந்தவரு அந்த டார்பி தான், 1909-ல வந்த ஸ்கோஃபீல்ட் பைபிளோட அடிக்குறிப்பு வழியா உலகம் பூரா பரவுச்சு, இன்னிக்கு பெந்தேகோஸ்தேக்காரங்க மேடையில முழங்கறதுல பாதி இவருகிட்ட இருந்து போனது தான். ஆனா பெந்தேகோஸ்தேன்னா இவுங்களுக்கு ஆகாது, அன்னிய பாஷை, அதாவது ஆவியில தெரியாத பாஷை பேசறது, எல்லாம் அப்போஸ்தலர் காலத்தோட நின்னுருச்சும்பாங்க. இதுல ஒரு வேடிக்கை, இவுங்க முன்னோடி அருளப்பன் ஐயா இருந்தாருல்ல, 1860-ல திருநெல்வேலிப் பக்கம் அவரு மூலமா வந்த எழுப்புதல்ல சனங்க அன்னிய பாஷை பேசுனதும் தீர்க்கதரிசனம் சொன்னதும் அவரே எழுதி வச்சிருக்காரு. இத நான் மெதுவா எடுத்து விட்டேன். மாமனார் ஒரு வாய் மோரு குடிச்சுட்டு, நாளைக்கி மழை வருமாட்டம் இருக்குதுங்க மாப்ளன்னு பேச்ச மாத்திட்டாரு.

எனக்கு நெசமாவே ஒப்பாத விசயம் பொம்பளைங்க விசயம். முக்காடு சரி, அது அவுங்க பழக்கம், 1 கொரிந்தியர் 11. ஆனா சபையில வாயே தொறக்கக் கூடாது, பாட்டுல சேந்து பாடறதோட சரி. அந்தத் துணிப் படத்த எனக்குப் புரிய வச்சது யாரு? எம் பொண்டாட்டி. அடுப்படியில மாவு பெசஞ்சுட்டே, எழுபது வாரம்னா நாள் கணக்கில்லைங்க, வருசக் கணக்கு, நானூத்தித் தொண்ணூறு வருசம்னு வெரல் விட்டு எண்ணிக் காட்டுனா. பத்து வருசம் சண்டே ஸ்கூல் எடுத்தவ. அந்த ஒண்ணேகால் மணி நேர வம்ச வரலாறு தம்பிக்கு மத்தேயு எங்க முடியுது லூக்கா எங்க ஆரம்பிக்குதுன்னே தடுமாற்றம், அவன் நின்னு பேசறான், இவ முக்காட்டுக்குள்ள உக்காந்து கேக்கறா. ஏன்டி இதுக்குக் கோவமே வராதான்னேன். வரும், பாட்டு நம்பர யாராவது தப்பாச் சொன்னா ரொம்ப வரும்னா. அவ்வளவுதான் அதப் பத்தி அவ பேசுனது.

இன்னொரு குறையும் இருக்குது. கொரோனா வந்தப்ப ஒரு கப்புல எல்லாரும் வாய் வைக்கலாமான்னு பிரச்சன ஆயிருச்சு. சின்னச் சின்னக் கப்புல ஊத்திக் குடுப்போம்னு ஒரு பக்கம், ஒரே பாத்திரம்னு வேதத்துல இருக்குதுன்னு ஒரு பக்கம். நோய் முடிஞ்சும் சண்டை முடியல, இப்ப நாலு குடும்பம் பக்கத்துத் தெருவுல ஒரு மாடியில தனியாக் கூடறாங்க, ரெண்டு எடத்துக்கும் எரநூறு அடி தூரம் இருக்காது, பாட்டு ஒண்ணோட ஒண்ணு மோதும். அங்க போறதுல ஒருத்தர் அந்த நெசவுக்காரப் பெரியவரோட பேரன். அவரு சாதிக்குப் பயந்து போகல, கிருமிக்குப் பயந்து தான் போனாருன்னு எல்லாரும் சொல்றாங்க, நானும் நம்பறேன், ஆனா மாமனார் மொகம் மட்டும் அந்தப் பேச்சு வந்தா வாடிப் போயிரும். இது ஒண்ணும் புதுசில்ல, 1848-லயே டார்பியும் முல்லர் சபையும் பிரிஞ்சு, அதுல இருந்து தான் ஓப்பன், எக்ஸ்குளூசிவ்னு ரெண்டாச்சு. டார்பி பக்கத்துக்காரங்க உள்ளயே கதவச் சாத்திக்கிட்டாங்க, முல்லர் பக்கம் வர்றவன் விசுவாசியான்னு பாத்துச் சேத்துக்கிட்டாங்க. இந்தச் சபை ஓப்பன் வகை. எனக்குக் கப்பு வராத அளவுக்கு ஓப்பன்.

ஞானஸ்நானத் தொட்டி கட்டலாம்னு பேச்சு வந்துச்சாம், மூப்பர்கள் வேண்டாம்னுட்டாங்க. கீழ்பவானி வாய்க்கால் தான். ஆவணி வாக்குல தண்ணி வந்த பொறகு தான் முழுக்கு, அதுக்கு முன்னாடி எத்தன பேரு ரட்சிக்கப்பட்டாலும் பவானிசாகர்ல மதகு தொறக்கற வரைக்கும் காத்திருக்கணும். போன வருசம் நான் போயி கரையில நின்னேன். சட்டை, வேட்டியோட மாமனார் இடுப்பளவு தண்ணியில நிக்கறாரு, இழுப்பு சாஸ்தி, முங்கறவங்க வாய்க்காலோட போயிரக் கூடாதுன்னு கீழ்ப்பக்கம் ரெண்டு பசங்க கயித்தப் புடிச்சுட்டு. எழுபது வயசு ஆத்தா ஒருத்தரு முங்கி எந்திரிச்சு, தண்ணி நெம்ப சில்லுனு இருக்குது சாமின்னு சத்தமாச் சொன்னாங்க, கரையில இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. மாமனார் தண்ணியில நின்னுட்டே கரையில நின்ன என்ன ஒரு பார்வ பாத்தாரு, வா-ன்னு கூப்புடல. நானும் செல்போன்ல வீடியோ எடுக்கற மாதிரி குனிஞ்சுட்டேன்.

போறவங்களுக்கு: 9.20-க்கே போயிருங்க, 9.30-க்குக் கதவு சாத்துனா அப்பம் முடியற வரைக்கும் உள்ள போறது சங்கடம். செல்போன சைலன்ட்ல போடாதீங்க, ஆஃப் பண்ணிருங்க, அந்த அமைதியில வைப்ரேசனே இடி மாதிரி கேக்கும். தரையில உக்கார வேண்டியதில்ல, பெஞ்சு இருக்குது, ஆனா சாயறதுக்கு முதுகுப் பலகை இல்ல. ஒறம்பரைன்னு தெரிஞ்சா யாராவது ஒருத்தர் ஊட்டுக்குச் சாப்புடக் கூட்டிட்டுப் போயிருவாங்க, மறுக்காதீங்க. செருப்ப வேப்பமரத்தடியில உடாதீங்க. அங்க ஒரு செவலை நாய் இருக்குது, என்னோட எடது கால் செருப்பு போயி மூணு மாசமாச்சு, மேஸ்திரி ஊட்டுத் தொண்டுப்பட்டியில பாத்ததா சொன்னாங்க, இன்னும் வந்து சேரல.